மெசியாவின் பேறுகால வேதனைகள்: நம்பிக்கையும் அரசியலும் மோதும் ஒரு குடும்ப நாடகம்

முன்னுரை

நாட்டின் அரசியல் மாற்றத்தை மேடையில் காட்ட நாடகாசிரியர்க்கு இரு வழிகள் உள்ளன. அரசவையையும் போர்க்களத்தையும் மேடைக்குக் கொண்டுவருவது ஒன்று. அவற்றை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவற்றின் அதிர்வு ஒரு வீட்டின் சுவர்களுக்குள் எவ்வாறு உணரப்படுகின்றது என்று காட்டுவது மற்றொன்று. இரண்டாம் வழியைத் தேர்ந்த எபிரேய நாடகங்களுள் மோத்தி லெர்னர் எழுதிய ‘மெசியாவின் பேறுகால வேதனைகள்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நாடகம் குறிப்பிடத்தக்கது. மேற்குக் கரையில் குடியேறி வாழும் சமயப் பற்றுமிக்க யூதக் குடும்பம் ஒன்று, தன் வீட்டையும் ஊரையும் இழக்க நேரும் அரசியல் சூழலை எதிர்கொள்வதே இதன் கதைப்பொருளாகும்.

எபிரேய நாடகம் தமிழில் மிகுதியாகப் பேசப்படாத துறையாகும். ஆதலின், இந்நாடகத்தின் சமய, வரலாற்றுப் பின்னணியை முதலில் விளக்கி, அதன் பின்னர் அதன் நாடகப் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இழப்பை ஏற்க இடந்தராத நம்பிக்கை, அந்நம்பிக்கையைப் பேணிக் காத்த குடும்பத்தையே முதலில் சிதைக்கின்றது என்பதே இந்நாடகம் உணர்த்தும் உண்மை என்பது நம் கருத்து.

நாடகாசிரியரும் நாடகமும்

மோத்தி லெர்னர் 1949-ஆம் ஆண்டு இஸ்ரேலின் சிக்ரோன் யாக்கோவ் என்னும் ஊரில் பிறந்தவர். 1985-இல் வெளிவந்த ‘காஸ்ட்னர்’ என்னும் நாடகம் அவருக்குப் பெரும் பெயரை ஈட்டித் தந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஹங்கேரிய யூதர்களின் விடுதலைக்காக நாஜிகளுடன் பேச்சு நடத்தியவரைப் பற்றியது அந்நாடகம். வரலாற்றின் ஆறாத புண்களை மேடையில் வைத்து விசாரிப்பதே அவர்தம் இயல்பு எனலாம்.

நாம் எடுத்துக்கொண்ட நாடகம் 1987-இல் டெல் அவிவ் நகரின் காமேரி நாடக அரங்கில் முதன்முதலில் மேடையேறியது. எழுதப்பட்ட காலத்திற்குச் சில ஆண்டுகள் பிந்திய எதிர்காலத்தில் கதை நிகழ்வதாக அமைக்கப்பட்டது. பின்னர், திருத்தப்பட்ட வடிவம் 2007-இல் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாஷிங்டன் நகரின் தியேட்டர் ஜே அரங்கில் நடிக்கப்பெற்றது. அப்போது கதை நிகழும் காலம் 2012 என மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்நாடகத்தை எதிர்கால நாடகமாகவே மீண்டும் அரங்கேற்ற முடிந்தது என்பது நோக்கத்தக்கது.

கதையின் அடிப்படை எளியது. ஷ்முவேல் என்பவர் ஒரு ரபி. குடியேறிகளின் தலைவர்களுள் ஒருவர். இஸ்ரேலிய அரசு அமைதி உடன்பாடு ஒன்றை நோக்கி நகர்கின்றது. அது நிறைவேறுமாயின் அவர்களுடைய ஊர் காலி செய்யப்படும். அதனைத் தடுக்க என்ன செய்யலாம், எது வரை செல்லலாம் என்னும் வினா குடும்பத்தினரிடையே எழுகின்றது. அறவழிப் போராட்டத்திற்கும் வன்முறைக்கும் இடையிலான எல்லைக்கோடு அந்த வீட்டின் நடுவிலேயே விழுகின்றது. முடிவு, குடும்பத்தின் பேரழிவாகும்.

தலைப்பின் பொருள்

நாடகத்தைத் திறக்கும் திறவுகோல் அதன் தலைப்பிலேயே உள்ளது. ‘ஹெவ்லெய் மஷியாஹ்’ என்னும் எபிரேயத் தொடர் யூத சமய மரபில் தொன்மையானது. மீட்பராகிய மெசியா வருவதற்கு முன்னர் உலகம் பெருந்துன்பங்களுக்கு உள்ளாகும் என்றும், அத்துன்பங்கள் மகவு பிறக்குமுன் தாய்க்கு உண்டாகும் வேதனையை ஒத்தவை என்றும் ரபிமார்களின் மரபு கூறும். தல்மூத் நூலும் இக்கருத்தை விரிவாகப் பேசுகின்றது.

இவ்வுவமையின் ஆற்றலை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பேறுகால வேதனை நோயின் அறிகுறியன்று, பிறப்பின் அறிகுறி. வலி மிகுந்தோறும் பிறப்பு அண்மையில் உள்ளதென்றே பொருள்படும். எனவே, இவ்வுவமையை வரலாற்றின் மீது பொருத்திப் பார்ப்பவர்க்குத் தோல்வி என்று ஒன்றில்லை. எத்தகைய பின்னடைவும் மீட்பின் முன்னறிவிப்பாகவே தோன்றும். துன்புற்ற மக்களுக்கு இது பெரும் ஆறுதலைத் தந்த கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயின், அதே கருத்து ஓர் அரசியல் திட்டத்தின் அடித்தளமாக மாறும்போது, தன் வழி தவறாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் வாய்ப்பையே அது அடைத்துவிடுகின்றது.

வரலாற்றுப் பின்னணி

இந்நம்பிக்கை அரசியல் திட்டமாக மாறிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ரபி ஆபிரகாம் ஐசக் கூக் (1865–1935) சமயச் சியோனிசத்தின் முதன்மைச் சிந்தனையாளர். யூதர் தம் தொன்மை நிலத்திற்குத் திரும்புவதை, அதனை முன்னின்று நடத்தியோர் சமயப் பற்றற்றவராயினும், தெய்வீக மீட்பின் தொடக்கமாக அவர் கண்டார். அவர்தம் மகன் ரபி ட்ஸ்வி யெஹூதா கூக் (1891–1982) இக்கருத்தை நிலத்தின் மீது மேலும் இறுக்கமாகப் பொருத்தினார். 1967 ஜூன் மாத ஆறு நாள் போரில் மேற்குக் கரை, காசா, சினாய், கோலான் குன்றுகள் ஆகியவை இஸ்ரேலின் கைக்கு வந்தபோது, அவர்தம் மாணவர்கள் அதனை இராணுவ வெற்றியாக மட்டும் கருதவில்லை. மீட்பு அடுத்த படிக்கு உயர்ந்ததாகவே கருதினர்.

1974-இல் ‘குஷ் எமுனிம்’ என்னும் இயக்கம் தோன்றியது. ‘நம்பிக்கையாளர் அணி’ என்பது அதன் பொருள். மேற்குக் கரையில் யூதக் குடியேற்றங்களை நிறுவுவது சமயக் கடமை என அவ்வியக்கம் வலியுறுத்தியது. 1977-இல் லிக்குட் கட்சி ஆட்சிக்கு வந்தபின் குடியேற்றங்கள் விரைந்து பெருகின. அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பாலஸ்தீனருக்கோ இது நிலமும் உரிமையும் பறிபோன வரலாறாகும். கைப்பற்றிய நிலத்தில் தன் குடிமக்களை ஓர் அரசு குடியமர்த்துவதை 1949-ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை தடை செய்கின்றது. அதனடிப்படையில் உலக நாடுகள் மிகப் பலவும் இக்குடியேற்றங்களைச் சட்டத்திற்குப் புறம்பானவை என்று கருதுகின்றன. இஸ்ரேலிய அரசு அவ்விளக்கத்தை ஏற்பதில்லை.

இயக்கத்தின் முதற் சோதனை 1982 ஏப்ரலில் நேர்ந்தது. எகிப்துடன் 1979-இல் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தத்தின்படி சினாய்ப் பகுதியின் யாமித் என்னும் நகரம் காலி செய்யப்பட்டது. விரிந்துகொண்டே போவதாகக் கருதப்பட்ட மீட்பு முதன்முறையாகப் பின்வாங்கியது. இரண்டாம் அதிர்ச்சி 1984-இல் வந்தது. குடியேறிகளுள் சிலர் இரகசியக் குழுவாக இயங்கி, 1980-இல் பாலஸ்தீன நகரத் தலைவர்களைக் குண்டு வைத்து ஊனப்படுத்தியதும், 1983-இல் ஹெப்ரோன் இஸ்லாமியக் கல்லூரியில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றதும், ஜெருசலத்தின் பாறைக் குவிமாடத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதும் அவ்வாண்டில் அம்பலமாயின. கைதானவர்கள் சமூகத்தின் விளிம்பில் வாழ்ந்தவரல்லர். குடும்பத்தினர், நன்மதிப்புப் பெற்றவர், வழிபாட்டில் தவறாதவர். இத்தகையோர் எவ்வாறு கொலைக்குத் துணிந்தனர் என்னும் வினா இஸ்ரேலியச் சமூகத்தை உலுக்கிய காலத்தின் விளைவாகவே 1987-ஆம் ஆண்டு நாடகத்தை நாம் காண வேண்டும்.

குடும்பம் என்னும் களன்

இப்பெரும் பொருளைச் சொல்ல ஆசிரியர் ஏன் ஒரு குடும்பத்தைத் தேர்ந்தார்? இதற்கு இரு காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, இயக்கத்தின் இயல்பு. சமயக் குடியேற்றம் என்பது தனிமனிதரின் அரசியல் நிலைப்பாடு மட்டுமன்று. வீடு கட்டுதல், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தல், வாரந்தோறும் சபாத் ஓய்வுநாளைக் கடைப்பிடித்தல் ஆகிய அன்றாடச் செயல்கள் அனைத்தும் அங்கு அரசியற் செயல்களாகின்றன. ஒரு குழந்தை பிறப்பதுகூட நிலத்தின் மீதான உரிமையை உறுதிப்படுத்தும் நிகழ்ச்சியாகின்றது. ஆகவே, அரசியல் நெருக்கடி வரும்போது அது நேரே வரவேற்பறைக்குள் நுழைந்துவிடுகின்றது.

இரண்டாவது, பொறுப்பு என்னும் சிக்கல். ஒரு தலைவர் மேடையில் பேசும் சொல்லுக்கும் அதனைக் கேட்டவர் பின்னொரு நாள் செய்யும் செயலுக்கும் இடையே நீண்ட தொலைவு உண்டு. அத்தொலைவைக் காட்டித் தலைவர் தப்பிக்கலாம். ஆனால், கேட்டவர் அவர்தம் வீட்டிலேயே உண்டு உறங்குபவராயின் அவ்வாறு தப்பிக்க இயலாது. இந்நிலம் விலை பேசத்தகாதது, இதனை விட்டுக்கொடுப்பது இறைவனுக்கு எதிரான செயல் என்று வாழ்நாளெல்லாம் போதித்தவர், அச்சொல்லை முழுமையாக நம்பிய இளையோர் ஆயுதத்தை நாடும்போது எந்த நியாயத்தைக் கூறித் தடுப்பார்? நாட்டின் சட்டத்தைக் கூறுவாராயின், இறைவனின் ஆணையைவிட அது உயர்ந்ததோ என்று அவர் கற்பித்த வினாவையே அவரிடம் திருப்பிக் கேட்கலாம். இதுவே இந்நாடகத்தின் மைய முரண் எனலாம்.

இவ்விடத்தில் சோபொக்ளிஸின் ‘ஆன்டிகனி’ நம் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கும் அரசாணையும் தெய்வ ஆணையும் மோதுகின்றன. ஆயின், ஓர் அடிப்படை வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஆன்டிகனி தன் தமையனின் உடலை அடக்கம் செய்வதால் எவருடைய வாழ்வும் பறிபோவதில்லை. இங்கோ, மேலான ஆணை என்று சொல்லப்படுவது பிறர் வாழும் நிலத்தின் மீதான உரிமைக் கோரிக்கையாகும். அரசும் நம்பிக்கையாளரும் மோதும் இந்நாடகத்தில் மூன்றாம் தரப்பாகப் பாலஸ்தீனர் எப்போதும் உள்ளனர். வீட்டுக்குள் நிகழும் விவாதம் எவ்வளவு நேர்மையானதாயினும், அவ்விவாதத்தின் விளைவை முதலில் சுமப்போர் வீட்டுக்கு வெளியே இருப்பவர்களே.

முதற்பொருளும் உரிப்பொருளும்

தமிழ் இலக்கியக் கோட்பாட்டின் துணைகொண்டு இந்நாடகத்தை நோக்கின் ஓர் உண்மை மேலும் தெளிவாகும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கின்றது. தெய்வத்தைக் கருப்பொருளுள் வைக்கின்றது. மாந்தர்தம் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருளாகின்றன. நிலமும் பொழுதும் பின்புலமாக நிற்க, மாந்தர் உணர்வே பாட்டின் உயிராக விளங்குவது நம் மரபு.

லெர்னரின் மாந்தர்க்கு இப்பகுப்பு குலைந்துவிடுகின்றது. நிலம் அவர்களுக்குப் பின்புலமன்று. அதுவே தெய்வத்தின் வாக்குறுதி. பொழுதும் வெறும் காலமன்று. மீட்பு நிகழும் புனித காலம். நிலமும் பொழுதும் தெய்வத்தன்மை பெற்றுவிட்ட நிலையில், தாயின் அச்சம், உடன்பிறந்தாரின் பிணக்கு, வீட்டின் மீதான எளிய பற்று முதலிய உரிப்பொருள்களுக்கு உரிய இடம் சுருங்குகின்றது. பின்புலமாக இருக்க வேண்டியது தெய்வமாகும்போது, உயிராக இருக்க வேண்டிய மனிதர் அதற்குப் படையற்பொருளாகின்றனர்.

அழ இயலாத இழப்பு

வீட்டை இழக்கும் குடும்பத்தைப் பற்றிய நாடகங்களுள் 1904-இல் மேடையேறிய செகாவின் ‘செர்ரிப் பழத்தோட்டம்’ புகழ்பெற்றது. அக்குடும்பம் கடனால் தன் தோட்டத்தை இழக்கின்றது. அவர்கள் புலம்புகின்றனர், பழங்கதை பேசுகின்றனர், இறுதியில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வெளியேறுகின்றனர். துயரம் உண்டு, ஆயின் அத்துயரத்தைக் கடந்து செல்லவும் வழி உண்டு. அத்தோட்டத்தை இறைவனே தமக்குத் தந்ததாக அவர்களுள் எவரும் கருதவில்லை என்பதே அதற்குக் காரணம்.

சமயக் குடியேறிக் குடும்பத்திற்கு அவ்வழி அடைபட்டுள்ளது. வீட்டின் இழப்பை இழப்பாக ஏற்று அழுவதென்பது, வாக்குறுதி பொய்த்தது என்று ஒப்புவதாகிவிடும். ஆகவே, அழ வேண்டிய இடத்தில் அவர்கள் மேலும் உறுதியாக நம்ப வேண்டியவர்களாகின்றனர். 1956-இல் வெளிவந்த ‘முன்னுரைப்பு பொய்க்கும்போது’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடன் பணியாற்றிய இருவரும் இத்தகைய மனநிலையை விளக்கியுள்ளனர். ஒரு நம்பிக்கைக்காகப் பெரும் விலை கொடுத்தவர்கள், ஒத்த கருத்துடையோரின் துணையும் பெற்றிருப்பாராயின், அந்நம்பிக்கை பொய்த்த பின்னர் அதனைக் கைவிடுவதற்கு மாறாக மேலும் தீவிரமாகப் பற்றக்கூடும் என்பது அவர்தம் ஆய்வின் சாரம். அத்துணையை மிகுதியாக அளிக்கும் இடம் குடும்பமன்றி வேறெது? லெர்னரின் நாடகத்தில் அன்பே தீவிரத்திற்கு உரமாவதை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம்.

வரலாறு தந்த விடைகள்

நாடகம் எழுதப்பட்டபின் நிகழ்ந்தவை அதனைப் புதிய ஒளியில் காட்டின. 1993 செப்டம்பர் 13-ஆம் நாள் ஓஸ்லோ உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1994 பிப்ரவரி 25-இல் குடியேறி ஒருவர் ஹெப்ரோனில் தொழுகையில் இருந்த 29 பாலஸ்தீனரைச் சுட்டுக் கொன்றார். 1995 நவம்பர் 4-இல் பிரதமர் யிட்ஸ்ஹாக் ராபின், சமயப் பற்றுள்ள யூத இளைஞர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அமைதி உடன்பாடு, நிலத்தைப் பிரியும் அச்சம், இறைவனின் பெயரால் கொலை என்னும் வரிசை மேடையை விட்டிறங்கி வீதிக்கு வந்தது. ராபின் கொலையைப் பொருளாகக் கொண்டு லெர்னர் எழுதிய ‘ஐசக்கின் கொலை’ என்னும் நாடகம் 1999-இல் இஸ்ரேலில் அன்றி ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் முதலில் மேடையேறியது. யிட்ஸ்ஹாக் என்பதன் மற்றொரு வடிவமே ஐசக். மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமின் விவிலியக் கதையை அத்தலைப்பு நினைவூட்டுகின்றது.

2005 ஆகஸ்டில் மற்றொரு விடை கிடைத்தது. இஸ்ரேலிய அரசு காசாவின் 21 குடியேற்றங்களையும் மேற்குக் கரையின் வடபகுதியில் 4 குடியேற்றங்களையும் காலி செய்தது. காசாவிலிருந்து மட்டும் 8,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அது நடவாது என்று ரபிமார் சிலர் இறுதி வரை உறுதி கூறினர். அதனை நம்பிய குடும்பங்கள் பெட்டிகளைக்கூடக் கட்டாமல் காத்திருந்தன. அம்மாதத்தில் தீவிரவாதியர் இருவர் தனித்தனித் தாக்குதல்களில் இஸ்ரேலிய அரபுக் குடிமக்கள் நால்வரையும் பாலஸ்தீனர் நால்வரையும் கொன்றனர். ஆயினும், குடியேற்றங்களுக்குள் உள்நாட்டுப் போர் மூளவில்லை. குடியேறிகள் பலர் வழிபாட்டு மனைகளில் கூடி அழுதனர். வெளியேற்ற வந்த படைவீரரைத் தழுவி அழுதோரும் உண்டு. நாடகத்தில் அடைபட்டுக் கிடந்த கண்ணீர் இங்குப் பீறிட்டது. இழப்பைத் துயரமாக ஏற்க இயன்றபோது பேரழிவு தவிர்க்கப்பட்டது என்பது நாடகத்தின் கருத்தை மறுக்கவில்லை. மறுதலையாக நின்று உறுதிப்படுத்துகின்றது.

ஆயினும், கதை அங்கு முடியவில்லை. 2005-இன் வடு அடுத்த தலைமுறையினரிடையே இனி ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை என்னும் உறுதியாக வளர்ந்தது. 2023 மார்ச்சில் இஸ்ரேலிய நாடாளுமன்றம், மேற்குக் கரையின் அந்த 4 இடங்களுக்குத் திரும்பச் செல்வதைத் தடுத்திருந்த சட்டப் பிரிவுகளை நீக்கியது. 1987-இல் கிழக்கு ஜெருசலம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் 60,000 குடியேறிகள் இருந்தனர். அத்தொகை பின்னர் 5 இலட்சத்தைக் கடந்தது. 2024 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றம், பாலஸ்தீன நிலப்பகுதிகளில் இஸ்ரேலின் தொடர்ந்த இருப்பு சட்டத்திற்குப் புறம்பானது என ஆலோசனைக் கருத்து வழங்கியது. ஷ்முவேலின் வீட்டில் எழுந்த வினா முன்னினும் பெரிதாக இன்றும் நிற்கின்றது.

புரிந்துகொள்ளலும் ஏற்றுக்கொள்ளலும்

இத்தகைய குடும்பத்தை மனிதத் தன்மையோடு மேடையில் காட்டுவது தகுமோ என்று சிலர் வினவலாம். நிலமிழந்தவரின் துயரை விட்டு, நிலத்தைக் கொண்டவரின் துயரைப் பேசுவது நடுநிலை பிறழ்வாகாதோ? மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் வாழும் நமக்கு இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று.

நம் விடை இதுவே. நாடகம் தன் மாந்தரை அரக்கராகக் காட்டியிருப்பின் பார்வையாளர் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பர். அரக்கர் வேறு, நாம் வேறு என்னும் ஆறுதலோடு. அன்பும் பக்தியும் உடையவராக அவர்களைக் காட்டியதனாலேயே, அன்பும் பக்தியும் மட்டும் ஒருவரை அநீதியிலிருந்து காத்துவிடா என்னும் கடுமையான உண்மை புலனாகின்றது. ஒருவர் ஏன் அவ்வாறு செய்கின்றார் என்று அறிவது அச்செயலுக்கு நியாயம் கற்பிப்பதாகாது. அறியாமல் கண்டிப்பதைவிட அறிந்து கண்டிப்பதே உறுதியான கண்டனமாகும். ஆயினும், இவ்வொரு நாடகத்தோடு நிறைவடைவார் பாதிக் கதையையே அறிந்தவராவார். பாலஸ்தீனர் தம் குரலில் எழுதிய படைப்புகளையும் உடன் வைத்துப் படிக்கும்போதே அவ்வறிவு முழுமை பெறும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், லெர்னரின் நாடகம் மூன்று நிலைகளில் பொருள் தருவதை அறியலாம். சமய நிலையில், துன்பத்தை மீட்பின் அறிகுறியாகக் காணும் நம்பிக்கை, தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலை இழக்கக்கூடும் என்று காட்டுகின்றது. அரசியல் நிலையில், சொல்லை விதைத்தவர் செயலின் அறுவடையிலிருந்து விலகி நிற்க இயலாது என்று உணர்த்துகின்றது. குடும்ப நிலையில், இழப்பை அழுது தீர்க்க இடமில்லாத வீட்டில் அத்துயரம் வன்முறையாக உருமாறும் என்று எச்சரிக்கின்றது.

நிலத்தின் மீது பற்றுக் கொள்வது மனித இயல்பு. புலம்பெயர்ந்த சமூகத்தவராகிய நாம் அதனை நன்கறிவோம். அப்பற்றுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும், அதே மண்ணில் நிற்கும் மற்றொருவரின் உரிமையே அவ்வெல்லை என்பதும் இந்நாடகத்தைப் படித்து முடிக்கும்போது நாம் பெறும் தெளிவாகும். தமிழில் மொழிபெயர்க்கப்பட வேண்டிய தற்கால எபிரேய நாடகங்களுள் இதற்கு முதன்மை இடம் உண்டு என்பது நம் துணிபு.